நால்வருக்கு மூன்று சர்நேம்: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி: என் கணவர் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் செந்தில்குமார், சர்நேம் ராமசாமி. ராமசாமி என் மாமனார் பெயர். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த என் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கட்டத்திலேயே ‘கவிதா முருகேசன்’ என்று இரண்டும் சேர்ந்து இருக்கிறது, சர்நேம் காலி. பான் கார்டிலும் கவிதா முருகேசன்தான். ஆதாரை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு ‘கவிதா எஸ்’ என்று மாற்றிவிட்டோம். ஒன்பது வயது மகளின் பிறப்புச் சான்றிதழில் ‘இனியா’ என்று மட்டும் இருக்கிறது, அப்பா பெயர் ‘ஆர். செந்தில் குமார்’. பள்ளியில் அவள் ‘எஸ். இனியா’. பத்து மாத மகனுக்கு இன்னும் பெயரே பதியவில்லை. கணவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. அவர் முதலில் போகிறார், சில மாதம் கழித்து நான் பிள்ளைகளோடு தனியாகப் போக வேண்டும். நால்வருக்கும் ஒரே சர்நேம் இல்லாவிட்டால் விசா தரமாட்டார்கள், விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அரசிதழில் நால்வர் பெயரையும் ‘ராமசாமி’ என்று மாற்றித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். மகளோ, அம்மா பெயரும் தன் பெயரில் இருக்க வேண்டும் என்கிறாள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்: நால்வருக்கும் ஒரே சர்நேம் தேவையில்லை. ஏஜென்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் தாள்களில் சரிசெய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவை உறவினர்கள் சுட்டிக்காட்டும் இடத்தில் இல்லை.

விசா அதிகாரியும் குடியேற்ற அதிகாரியும் குடும்பத்துக்குள் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில்லை. ஒரே ஆளின் பெயர் அவருடைய எல்லாத் தாள்களிலும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைக் காட்டுவது சர்நேம் அல்ல, பிறப்புச் சான்றிதழ். கணவன் மனைவி உறவைக் காட்டுவது திருமணச் சான்றிதழ். ஒரே சர்நேம் கொண்ட இருவர் அந்நியர்களாக இருக்கலாம், வெவ்வேறு சர்நேம் கொண்டவர்கள் தாயும் பிள்ளையுமாக இருக்கலாம் என்பது அந்த அதிகாரிகளுக்குத் தினமும் பார்க்கும் சங்கதி. ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் பலவற்றில் மனைவி தன் பெயரை மாற்றுவதில்லை. பிள்ளைக்கு அப்பாவின் சர்நேம் ஒன்று, அம்மாவின் சர்நேம் ஒன்று என இரண்டு வரும். ஐஸ்லாந்தில் நம்மைப் போலவே அப்பா அல்லது அம்மா பெயரிலிருந்து பிள்ளையின் பின்பெயர் பிறக்கிறது, தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அவர்களும் பிள்ளைகளோடு உலகம் சுற்றத்தான் செய்கிறார்கள்.

நம்முடைய பெயரிடும் முறைப்படி பார்த்தால் உங்கள் வீட்டில் எந்தக் குளறுபடியும் இல்லை. கணவருக்கு அவர் அப்பா பெயர் ராமசாமி, உங்களுக்கு உங்கள் அப்பா பெயர் முருகேசன், பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா பெயர் செந்தில்குமார். இனிஷியலாக எழுதும்போது இது யார் கண்ணையும் உறுத்தாது. அதையே விரித்து, சர்நேம் என்ற கட்டத்தில் போடும்போதுதான் மூன்று வேறு குடும்பங்கள் போலத் தெரிகிறது. அந்தத் தோற்றத்துக்காக யாருடைய பெயரையும் மாற்ற வேண்டியதில்லை.

இனி, உண்மையான சிக்கல். அது உங்கள் பாஸ்போர்ட்டில் காலியாக இருக்கும் அந்தச் சர்நேம் கட்டம்.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில், கீழே இரண்டு வரி எந்திரம் படிப்பதற்காக அச்சாகியிருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறை அது. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் முதல் 5 இடங்கள் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் போய்விடும், மீதி 39 இடங்கள் பெயருக்கு. அதில் முதலில் வருவது சர்நேம், பிறகு இரண்டு கோணக் குறிகள், அதன் பிறகு கிவன் நேம். சர்நேம் காலி என்றால் உங்கள் பெயர் முழுவதும் ஒரே துண்டாக நிற்கும். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் சர்நேம் கட்டாயம். எனவே அவர்கள் அந்தத் துண்டு முழுவதையும் சர்நேமாக எடுத்துக்கொண்டு, கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விசாவில் ஏறும் இந்த மூன்றெழுத்து அங்கே வருகைப் பதிவில் ஏறும், ஓட்டுநர் உரிமத்தில் ஏறும், வங்கியிலும் மருத்துவக் காப்பீட்டிலும் ஏறும். மருத்துவமனையில் அந்த எழுத்துகளையே உங்கள் பெயர் என்று நினைத்துக் கூப்பிடுவார்கள். அங்கே போன பிறகு இதைத் திருத்த வேண்டுமானால் தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட் வாங்கி, பிறகு ஒவ்வோர் அலுவலகமாக ஏற வேண்டும். இங்கேயே, விசா விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுவது பல மடங்கு சுலபம்.

என்ன செய்ய வேண்டும்? பாஸ்போர்ட் சேவா தளத்தில் ‘மறு வெளியீடு’ விண்ணப்பத்தில், தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்து, கிவன் நேம் ‘கவிதா’, சர்நேம் ‘முருகேசன்’ என்று பிரித்துக் கேளுங்கள். எழுத்து கூடவில்லை, குறையவில்லை. பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கும் பெயரையே இரண்டு கட்டங்களில் வைக்கிறீர்கள். புதுப் பெயர் வைத்துக்கொள்வது வேறு, இது வேறு. விண்ணப்பத்தை அனுப்பும் முன் அதே தளத்தில் எந்தெந்த ஆவணம் வேண்டும் என்று சொல்லும் வசதி இருக்கிறது. உங்கள் விவரத்தைக் கொடுத்துப் பட்டியலை அச்செடுத்துக்கொள்ளுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய்.

ஆனால் பாஸ்போர்ட் அலுவலகம் போகும் முன் ஆதார் சரியாக வேண்டும். முகவரிக்கும் அடையாளத்துக்கும் நீங்கள் காட்டப்போவது அதைத்தான். அதில் ‘கவிதா எஸ்’ என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். கல்யாணத்துக்குப் பின் ஒரு முறை மாற்றிவிட்டீர்கள், இப்போது செய்வது இரண்டாவது. மூன்றாவது வேண்டுமென்றால் ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகத்தில் விதிவிலக்கு கேட்க வேண்டிவரும். ஆகவே சேவை மையத்தில் திரையில் காட்டும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். முருகேசனில் நடுவில் ஓர் ஆங்கில ‘ஹெச்’ நுழைந்தாலும் உங்கள் கடைசி வாய்ப்பு வீண். ஆதாரமாகப் பழைய பாஸ்போர்ட்டையே கொடுக்கலாம்.

‘கவிதா செந்தில்குமார்’ என்று மாற்றிக்கொண்டால் பிள்ளைகளோடு பொருந்திவிடுமே என்று தோன்றலாம். விருப்பம் உங்களுடையது. சட்டம் எந்தப் பக்கமும் தள்ளவில்லை: கல்யாணமானால் பெண் தன் பெயரையோ இனிஷியலையோ மாற்ற வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. என் கருத்தைக் கேட்டால், முருகேசனை விடாதீர்கள் என்பேன். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம் எல்லாம் ‘மு. கவிதா’ என்ற பெயரில் இருக்கும். நாளை அங்கே மேற்படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பட்டத்தை மதிப்பிடக் கொடுக்கும்போது, கவிதா முருகேசனும் மு. கவிதாவும் ஒருவரே என்பது பார்த்தவுடன் புரியும். கவிதா செந்தில்குமார் என்றால் ஒவ்வொரு முறையும் திருமணச் சான்றிதழைப் பாலமாகப் போட வேண்டும். பான், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றும் வேலை வேறு. ஆதாரும் பானும் இணைப்பதில் பெயர் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கும் தலைவலி. உங்கள் ஆதார் ‘கவிதா முருகேசன்’ ஆனதும் அந்த இடமும் தானாகச் சரியாகிவிடும்.

திருமணச் சான்றிதழில் உங்கள் பெயர் ‘கவிதா, தந்தை பெயர் முருகேசன்’ என்றும், அவர் பெயர் ‘செந்தில்குமார், தந்தை பெயர் ராமசாமி’ என்றும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இருந்தால் உங்கள் இருவர் சர்நேமும் எங்கிருந்து வந்தன என்பதற்கு அந்த ஒரு தாளே விளக்கம். திருமணத்தை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இப்போதே சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். கல்யாணப் பத்திரிகையும் புகைப்படமும் மட்டும் வைத்துக்கொண்டு துணைவர் விசாவுக்குப் போக முடியாது.

அடுத்தது, நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஓர் இடைவெளி. கணவர் பாஸ்போர்ட்டில் ‘செந்தில்குமார்’ ஒரே சொல். மகளின் பிறப்புச் சான்றிதழில் ‘ஆர். செந்தில் குமார்’. தமிழில் படிக்கும் நமக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அப்படி இல்லை. ‘செந்தில் குமார்’ என்று பிரிந்தால், குமார் என்பதைச் சர்நேம் என்று ஒருவர் தட்டச்சு செய்துவிட வாய்ப்பு இருக்கிறது. நடுவில் உள்ள இடைவெளியை ஓர் இடத்தில் ஏற்றுக்கொள்வார்கள், இன்னோர் இடத்தில் விளக்கம் கேட்பார்கள். அவசரத்தில் நிற்கும்போது அந்த விளக்கம் கேட்கும் ஆள் எதிரில் இருப்பார் என்று வைத்துக்கொண்டே தாளைத் தயார் செய்ய வேண்டும்.

பிறப்புப் பதிவில் உள்ள பிழையைத் திருத்த 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15ஆம் பிரிவு வழி தருகிறது. மனுவை எங்கே கொடுப்பது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. குழந்தை பிறந்த மருத்துவமனை எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பதிவாளரிடம். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால் அந்த ஊர் பதிவாளரிடம். மனுவோடு உங்கள் இருவர் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ் நகல், இப்போதிருக்கும் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை வைத்து, அப்பா பெயர் ‘செந்தில்குமார் ராமசாமி’ என்றும் அம்மா பெயர் ‘கவிதா முருகேசன்’ என்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திருத்தக் கேளுங்கள். இனிஷியலை விரித்து எழுத அந்த அலுவலகம் தயங்கினாலும், இடைவெளியையாவது நீக்கி வாங்கிவிடுங்கள். ஆர் என்பது ராமசாமி என்பதைக் கணவரின் பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றிதழும் சேர்ந்து காட்டிவிடும்.

இப்போது மகனுக்கு வருவோம். எல்லாவற்றிலும் அவசரம் அவனுடையது. பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்கு 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆக, இரண்டு மாதம் தாண்டினால் வாய்ப்பே போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சான்றிதழ்தான் அடித்தளம். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் ஏற்கிறார்கள். முன்பு போலப் பள்ளிச் சான்றிதழையோ வேறு அட்டையையோ காட்டிச் சமாளிக்க முடியாது. எனவே பெயரைப் பதியும்போதே முழுப் பெயராகப் பதியுங்கள். ‘ஆதவன்’ என்று வைப்பதாக இருந்தால் வெறும் ஆதவன் என்றோ எஸ். ஆதவன் என்றோ எழுதாமல் ‘ஆதவன் செந்தில்குமார்’ என்று, செந்தில்குமாரைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள். அவன் வாழ்நாள் முழுவதும் எந்தத் தாளிலும் இனிஷியலை விரிக்க வேண்டிய தேவை வராது. அப்பா அம்மா பெயர்களையும் அப்போதே சரிபாருங்கள்.

மகளுக்கு வேலை கொஞ்சம் அதிகம். பிறப்புச் சான்றிதழில் ‘இனியா’ மட்டும் இருக்கிறது என்பதற்காகப் பாஸ்போர்ட்டையும் ஒற்றைச் சொல்லில் எடுத்துவிடாதீர்கள். அமெரிக்க விசாவில் உங்களுக்குச் சொன்ன அதே எஃப்.என்.யூ. அவளுக்கும் வரும். அமெரிக்காவோடு முடியும் விஷயமும் அல்ல: 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தாலும், போகும் வழியில் அந்த விளக்கத்தை நம்பி ஏன் நிற்க வேண்டும்?

அவளுக்கு எந்தச் சர்நேம்? மூன்று வழிகள் இருக்கின்றன. உறவினர்களும் ஏஜென்டும் சொல்வது ‘இனியா ராமசாமி’. தாத்தா பெயரை நிலையான குடும்பப் பெயராக்கி, இனி வரும் தலைமுறைகளும் அதையே வைத்துக்கொள்வது. அதில் தவறில்லை, சில குடும்பங்கள் அப்படி முடிவெடுக்கின்றன. ஆனால் உங்கள் மகள் பள்ளியில் ஏற்கெனவே ‘எஸ். இனியா’. ராமசாமி என்றால் ‘எஸ்’ எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒவ்வொரு பள்ளிச் சான்றிதழிலும் முளைக்கும். ‘இனியா செந்தில்குமார்’ என்றால் பள்ளி இனிஷியலோடு பொருந்தும், பிறப்புச் சான்றிதழில் உள்ள அப்பா பெயரோடு பொருந்தும், தம்பியோடும் பொருந்தும். மூன்றில் சிக்கல் குறைந்தது இதுதான்.

மூன்றாவது வழி, அவளே கேட்பது: அம்மா பெயரும் சேர வேண்டும். அவள் ஆசையைத் தட்டிவிடாதீர்கள், செய்ய முடிந்த காரியம்தான். கிவன் நேம் ‘இனியா’, சர்நேம் ‘கவிதா செந்தில்குமார்’ என்று வைக்கலாம். ஆங்கில எழுத்தில் கணக்கிட்டுப் பாருங்கள்: கவிதா 7, இடைவெளி 1, செந்தில்குமார் 12, நடுக் குறி 2, இனியா 5. மொத்தம் 27, எந்திர வரியின் 39 இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதை விட நீளமான பெயர்களில் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். அப்போது விமானச் சீட்டில் எதை எழுதுவது என்ற குழப்பம் வரும். ஒரு நிபந்தனை: அவளுக்கு அப்படி வைத்தால் தம்பிக்கும் அப்படியே வையுங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சர்நேம் வேறுபடுவது இயல்பு. உடன்பிறந்த இருவருக்குள் வேறுபட்டால், ஒரே அப்பா அம்மாவா என்ற வேண்டாத கேள்வியைப் பள்ளியிலும் காப்பீட்டிலும் வாழ்நாள் முழுக்கச் சந்திக்க வேண்டியிருக்கும். பள்ளிப் பதிவேட்டிலும் ‘க. செ. இனியா’ என்று இரண்டு இனிஷியலாக மாற்ற வேண்டும். இங்கேயே படிப்பைத் தொடரும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கெடு இருக்கிறது: பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகும் முன் பள்ளியில் மாற்றுவது எளிது, மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவது கடினம். உங்கள் மகளுக்கு ஒன்பது வயதுதான் என்பதால் நேரம் நிறைய இருக்கிறது. அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், அந்தப் பெயரோடு வாழப்போவது அவள்.

எதை முடிவு செய்தாலும் மகளின் ஆதாரையும் அதே முழுப் பெயருக்கு மாற்றிய பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். அவளுக்கும் இரண்டே வாய்ப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

அரசிதழ் எப்போது தேவை? ஒருவர் உண்மையிலேயே வேறு பெயருக்கு மாறும்போது. கவிதா காவ்யா ஆவதற்கோ, எந்தத் தாளிலும் இல்லாத ஒரு பெயரைச் சேர்ப்பதற்கோ அது வேண்டும். இனிஷியலை விரிப்பதற்கும் இருக்கும் பெயரைப் பிரிப்பதற்கும் நால்வருக்கு அரசிதழ் போடுவது, பூட்டாத கதவுக்குச் சாவி செய்வது போன்றது. இன்னொன்றையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். அரசிதழில் வெளியானதும் மற்றத் தாள்கள் தாமாக மாறிவிடாது. ஒவ்வொன்றையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும், அதுவரை பழைய பெயர் பாதி, புதுப் பெயர் பாதி என்று இருப்பீர்கள். விசாவுக்கு முன் இருக்கக் கூடாத நிலை அதுதான்.

பிள்ளைகள் பாஸ்போர்ட்டைக் கணவர் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அப்பா அம்மா இருவரும் கையெழுத்திடும் ‘இணைப்பு டி’ உறுதிமொழி வேண்டும். அவர் இங்கே இருக்கும்போது அது ஒரு மாலை வேலை. போன பிறகு என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்ப வேண்டும். இருவரில் ஒருவர் ஒப்புதல் தர முடியாத அல்லது தராத நிலையில் ‘இணைப்பு சி’ இருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது. சிறாருக்குக் கட்டணம் 1,000 ரூபாய், 8 வயதுக்குக் கீழ் புதுப் பாஸ்போர்ட்டுக்கு அதில் 10 விழுக்காடு தள்ளுபடி. 4 வயதுக்குக் கீழ் என்பதால் மகனுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். உங்கள் புதுப் பாஸ்போர்ட் வந்த பிறகு பிள்ளைகளுக்கு விண்ணப்பித்தால், அம்மா பெயர் கட்டத்தில் சரியான வடிவம் ஏறும். பாஸ்போர்ட் அலுவலகத்தின் முதல் கவுண்டரில் திரையில் காட்டும் விவரத்தைப் படிக்காமல் தலையாட்டிவிடாதீர்கள். அச்சான பிறகு வரும் திருத்தம் புது விண்ணப்பம், புதுக் கட்டணம்.

ஆகவே வரிசை இப்படி அமைகிறது. மகனின் பெயர்ப் பதிவும் மகளின் சான்றிதழ்த் திருத்தமும் உங்கள் ஆதாரும் ஒரே வாரத்தில் தொடங்கலாம், ஒன்றுக்கு ஒன்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்து உங்கள் பாஸ்போர்ட். அதன் பிறகு பிள்ளைகள் பாஸ்போர்ட். எல்லாம் கைக்கு வந்த பிறகே விசா விண்ணப்பம், கடைசியாக விமானச் சீட்டு. பழைய பாஸ்போர்ட் எண்ணோடு விசா விண்ணப்பத்தை நிரப்பி வைத்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசா படிவத்தில் பெற்றோர் பெயர், கணவர் பெயர் கேட்கும் இடங்களிலும் அவரவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்; ‘குடும்பப் பெயர் ஒன்றாகத் தெரியட்டும்’ என்று நீங்களாக எதையும் ஒட்டவைக்க வேண்டாம்.

பயணத்தன்று தனியாகப் பிள்ளைகளோடு போவது பற்றி. அதிகாரி உங்களை நிறுத்திக் கேட்டால், அது சர்நேம் வேறுபடுவதற்காக மட்டும் இருக்காது. பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை எல்லை தாண்டிக் கூட்டிப் போவது உலகெங்கும் நடக்கிறது; அதைத் தடுப்பது அவர் வேலை. சர்நேம் ஒன்றாக இருந்தாலும் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் கணவரின் ஒப்புதல் கடிதம். அதில் பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கூட்டிச் செல்பவர் நீங்கள் என்பது, உங்கள் பாஸ்போர்ட் எண், பயணத் தேதி, போகும் முகவரி, அவருடைய தொலைபேசி எண், கையெழுத்து இருக்கட்டும். அவர் கிளம்பும் முன்பே கையெழுத்திட்டால் இங்கே நோட்டரி சான்று வாங்கிவிடலாம். பயணத் தேதி முடிவாகவில்லை என்றால் மாதங்களைக் குறிப்பிடுங்கள். அதோடு அவர் பாஸ்போர்ட், விசா நகல்களும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் அசலும் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், கேள்வி வரும் இடத்தில் அந்தப் பெட்டி உங்கள் கையில் இருக்காது. இறங்கியதும் மகளிடம் ‘இவர் யார்?’ என்று அதிகாரி கேட்கக்கூடும். அது வழக்கமான கேள்விதான், பயப்படாமல் பதில் சொல்லலாம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்கள் நிலை வேறு. ஆனாலும் இதே பக்கத்தைப் படிக்கும் தனித் தாய்மார்களுக்காக ஒரு பத்தி. பிள்ளைக்கு அம்மா பெயரை மட்டும் வைப்பதற்குத் தடையில்லை. திருமணமாகாத தாய் தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பிரமாணப் பத்திரம் கொடுத்துப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளைத் தளர்த்தியபோது, பெற்றோரில் ஒருவர் பெயரைக் கொடுத்தால் போதும் என்று ஆக்கினார்கள். 2018 டிசம்பரிலிருந்து, தாய் மட்டுமே பெற்றோராக உள்ளவர்கள் பான் விண்ணப்பத்தில் தந்தை பெயர் தர வேண்டியதில்லை. கணவரை இழந்து மறுமணம் செய்த ஒரு தாயின் வழக்கில் 2022 ஜூலையில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் முக்கியமானது. பிள்ளையின் ஆவணங்களில் புதுக் கணவரை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை அது ரத்து செய்தது. தந்தை இறந்த பின் தாயே ஒரே இயற்கைப் பாதுகாவலர், பிள்ளையின் சர்நேமை முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்றது. அலுவலகத்தில் யாராவது ‘அப்பா பெயர் இல்லாமல் வாங்க மாட்டோம்’ என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும்.

அமெரிக்கா போன பிறகு, பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் அப்பா, அம்மா, பிள்ளை மூவர் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில்தான் கேட்பார்கள். மூன்று சர்நேமும் அப்படியே எழுதலாம். மாலையில் பிள்ளையைக் கூட்டிப் போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் உங்கள் இருவர் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள், ஏனென்றால் வாசலில் அட்டையைத்தான் பார்ப்பார்கள். காப்பீட்டில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது கணவர் நிறுவனம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் கொடுங்கள். சர்நேம் வேறு என்பதற்காகக் கணினி ஒருமுறை நிராகரித்தாலும் சான்றிதழைக் காட்டியதும் தீர்ந்துவிடும். ஆசிரியர்கள் உங்கள் கணவரை ‘மிஸ்டர் செந்தில்குமார்’ என்று, பிள்ளையின் சர்நேமை வைத்துக் கூப்பிடுவார்கள். அதுதான் அவருடைய சொந்தப் பெயர் என்பதால் அவருக்கு அதில் குறையொன்றும் இருக்காது. அலுவலகத்தில் ‘மிஸ்டர் ராமசாமி’ என்று அவர் அப்பா பெயரால் அழைக்கப்படுவதற்குத்தான் கொஞ்ச நாள் பழக வேண்டும்.

அங்கே இன்னொரு குழந்தை பிறந்தால், பிறப்புப் பதிவுப் படிவத்தில் குழந்தையின் கடைசிப் பெயர் என்ன என்று மருத்துவமனையிலேயே கேட்பார்கள். அப்பாவின் சர்நேம் ராமசாமி என்பதால் அதையே நிரப்பிவிட வாய்ப்புண்டு. அக்காவுக்கும் அண்ணனுக்கும் என்ன வைத்தீர்களோ அதையே நீங்கள் எழுதிக் கொடுங்கள். அதே படிவத்தில் தாய்க்கு முதல் திருமணத்துக்கு முன் இருந்த பெயரையும் கேட்பார்கள். அங்கேயும் கவிதா முருகேசன்தான்.